காலில் கட்டிய முறம்

முறத்தைக் காலில் கட்டிக்கொண்டு நடந்து வா என்று யாராவது சொன்னால், நம் வீட்டுப் பெரியவர்கள் அவரை மேலும் கீழுமாகப் பார்ப்பார்கள். முறம் என்பது அரிசி புடைப்பதற்கு ஏற்பட்டது. அதைக் காலால் மிதித்தாலே குற்றம். அப்படியிருக்க, இரண்டு கால்களிலும் இரண்டு முறங்களைக் கட்டிக்கொண்டு, கைக்கொரு கோலும் பிடித்துக்கொண்டு, ஒரு பகல் பொழுது நாம் நடந்தோம் என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடும். ஆனாலும் நடந்தது வாஸ்தவம். நடந்த இடம் ஸ்வீடன் தேசத்தின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 200 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள அபிஸ்கோ என்னும் சிற்றூர். காலில் கட்டியது நிஜ முறம் அல்ல. பார்வைக்கு முறம் போலிருக்கும் அந்தச் சாதனத்துக்கு 'ஸ்நோ ஷூ' என்று பெயர். பனிப் பாதரட்சை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அபிஸ்கோவுக்குப் போவது சிரமமான காரியம் அல்ல. ஸ்டாக்ஹோம் நகரத்திலிருந்து புறப்படும் ரயில் இரவு முழுவதும் காடுகளினூடே ஓடி, மறுநாள் பகலில் அங்கே கொண்டு சேர்த்துவிடுகிறது. பிரயாணிகளுக்காகப் போட்ட ரயில் பாதை அல்ல இது. கிருனா என்னும் ஊரில் வெட்டியெடுக்கும் இரும்புத் தாதுவை, நார்வேயிலுள்ள நார்விக் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காக 1903-ல் திறந்து வைத்த பாதை. நம்முடைய ரயில் நின்று வழிவிட, தாது ஏற்றிய வண்டித் தொடர் ஒன்று முடிவே இல்லாமல் எதிரே போய்க்கொண்டிருந்தது. பனிப் பாலைவனம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த பிரதேசத்தில் உலகத்தின் வியாபாரம் ஒரு நாளும் ஓய்வதில்லை என்பதை அந்த வண்டியே தெரிவித்துவிட்டது.

ஊர் என்று சொல்லத்தக்கது மிகக் கொஞ்சம். ஒருபுறம் எழுபது கிலோ மீட்டர் நீளமுள்ள டோர்னெத்ரெஸ்க் ஏரி, உறைந்து வெண்மணல் வெளி போலக் கிடக்கிறது. மறுபுறம் மலைகள். தென்கிழக்கே பார்த்தால், இரண்டு மலைகளுக்கு நடுவில் யாரோ ஒரு பெரிய அகப்பையால் வழித்தெடுத்தது போன்ற பள்ளத்தாக்கு தெரிகிறது. பழங்காலத்தில் அங்கே நகர்ந்து சென்ற பனியாறு குடைந்த பள்ளம் அது. 1909-ல், ஐரோப்பாவிலேயே முதன் முதலாக ஸ்வீடன் தேசத்தார் காட்டுப் பிரதேசங்கள் ஒன்பதைத் தேசியப் பூங்காக்களாக ஆக்கியபோது, அபிஸ்கோவும் அவற்றில் ஒன்றாயிற்று.

குளிர் நாடு என்றால் வெண்பனி மலை மலையாகக் குவிந்து கிடக்கும் என்பதுதான் நம் எண்ணம். அபிஸ்கோ அந்த எண்ணத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. மேற்கேயுள்ள நார்வே மலைகள் கடலிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் பறித்துக்கொண்டுவிடுவதால், மழையும் பனியும் சேர்ந்து இங்கே ஆண்டுக்குச் சுமார் 300 மில்லி மீட்டர்தான் விழுகிறது. சென்னையில் பெய்யும் மழையில் கால் பங்குகூட இல்லை! பனி குறைவு, குளிர் அதிகம். இந்த இரண்டும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம்.

டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரியில் சில நாட்கள் வரை இங்கே சூரியன் உதிப்பதே இல்லை. நாம் போனது மார்ச்சு முதல் வாரம். பத்து மணி நேரம் பகல் இருந்தது. ஆனால் சூரியன் உச்சிக்கு வருவதில்லை. தெற்கு அடிவானத்தை ஒட்டியே சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறான். புறப்பட்ட அன்று காலை உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 22 டிகிரி காட்டிற்று. மூச்சு விட்டால் மீசையில் உறைந்தது. நம்முடன் வந்த நண்பர், "உஷ்ணமானி என்று இதற்குப் பேர் வைத்தவன் இங்கே வந்ததில்லை போலிருக்கிறது" என்றார்.

நமக்கு வழிகாட்டியாக வந்தவர் சாமி இனத்தைச் சேர்ந்த ஓர் இளம் பெண்மணி. சாமி என்றதும் நேயர்கள் கைகூப்ப வேண்டியதில்லை. அது அவர்களுடைய இனத்தின் பெயர். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யா என்னும் நான்கு தேசங்களின் வட பாகத்திலும் பரவி வாழும் பூர்வ குடிகள் அவர்கள். அந்தத் தேசங்களுக்கு எல்லைக் கோடு கிழிப்பதற்கு வெகு காலம் முன்பே அங்கே இருந்தவர்கள். இந்த அம்மையாரின் குடும்பம், ரெயின்டீர் என்னும் துருவமான்களைத் தலைமுறை தலைமுறையாக மேய்த்து வருகிற குடும்பம்.

முதல் காரியமாக அவர் நம் உடைகளைப் பரிசோதித்தார். நண்பர் மிகுந்த பெருமையுடன் மேல் கோட்டைத் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த மூன்று பனியன்களைக் காட்டினார். மூன்றும் பருத்தி. "மூன்றையும் கழற்றிவிட்டு வாருங்கள்" என்றார் வழிகாட்டி. பருத்தியிடம் அவருக்கு ஏதோ விரோதம் என்று நினைத்தோம். அப்படியில்லை. நம் ஊர் வெயிலில் பருத்தியை உத்தமமாக ஆக்குகிற குணமே இங்கே அதைச் சத்துருவாக்கிவிடுகிறது. அது வியர்வையை உறிஞ்சிக்கொள்கிறது, உறிஞ்சியதை விடுவதில்லை. நடக்கிற வரையில் தெரியாது. நின்றவுடன் அந்த ஈரத் துணி உடம்பின் சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டுவிடும். கம்பளியோ நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். பனியனுக்கும் பனிக்கும் பெயரில்தான் உறவு என்று நண்பர் அன்று தெரிந்துகொண்டார்.

"இன்று உங்களுக்கு ஒரே ஒரு விதி. வியர்க்கும்படி நடக்காதீர்கள். குளிர்கிறது என்று ஓடினால் வியர்க்கும், வியர்த்தால் அப்புறம் இன்னும் குளிரும்" என்றார் அவர். காற்றையும் அலட்சியம் செய்யக் கூடாதாம். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில், மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், வெளியே தெரியும் முகத்துக்கு அது ஏறக்குறைய 33 டிகிரிக் குளிராக உறைக்கும். ஆகையால் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வரவேண்டும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெள்ளையாக ஒரு திட்டுக் கண்டால் உடனே சொல்லவேண்டும். உறைகிறவனுக்கு அது தெரியாது; தோல் மரத்துப் போயிருக்கும். பக்கத்தில் வருகிறவனுக்குத்தான் தெரியும்.

பிறகு பாதரட்சைகளைக் கட்டிக்கொண்டோம். பழைய காலத்தில் மரச் சட்டத்தை வளைத்துத் தோல் வாரினால் பின்னுவார்கள். இப்பொழுது அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன. தத்துவம் ஒன்றுதான். ஒரு பூட்ஸின் அடிப்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். எழுபது கிலோ எடையுள்ள மனிதன் ஒரு காலை ஊன்றினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 280 கிராம் பாரம் அழுத்துகிறது. பாதரட்சையின் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர் என்றால், அதே பாரம் 60 கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. மனிதனின் கனம் குறையவில்லை, பரவிக்கொள்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்தச் சூட்சுமத்தை மனிதன் கண்டுபிடித்தது நேற்று அல்ல. காக்கஸஸ் மலை ஜனங்கள், தப்பட்டை போன்ற அகன்ற மாட்டுத்தோல் பாதரட்சைகளை முள் வைத்துக் கட்டிக்கொண்டு பனியில் ஏறுகிறார்கள் என்று, ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்டிராபோ என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். இதை ஒரு பெரிய கலையாகவே வளர்த்தவர்கள் வட அமெரிக்காவின் பூர்வ குடிகள். காட்டுக்கு ஒரு வடிவம், வெட்டவெளிக்கு ஒரு வடிவம் என்று வகை வகையாகப் பின்னினார்கள். ஸ்வீடனின் வட பகுதியில் பழமையான வாகனம் சறுக்குக் கட்டைதான். 1924-ல் அங்கே ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்த சறுக்குக் கட்டைக்கு வயது 5,000 ஆண்டுக்கும் மேல். ஆனால் சறுக்குக் கட்டை பழகுவதற்குப் பல நாட்கள் வேண்டும். நம்மைப் போன்ற புதியவர்களுக்கு முறமே கதி!

கால்களைச் சற்று அகற்றி வைத்து, முன்னங்காலை ஊன்றி நடக்கவேண்டும். குதிகால் கட்டப்படாமல் விடுதலையாக இருக்கும். அடியில் இரும்புப் பற்கள் இருப்பதால் வழுக்காது. செய்யக் கூடாதது ஒன்றே: பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் பாதரட்சையின் வால் பனியில் குத்திக்கொள்ளும். நாம் மல்லாந்து விழுவோம். திரும்பவேண்டுமானால் தேர் திரும்புவது போல வட்டமிட்டுத்தான் திரும்பவேண்டும். இந்த விதியை மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்ட நண்பர், நம்மைப் படம் எடுப்பதற்காக மூன்றடி பின்னால் நகர்ந்தார். அடுத்த க்ஷணம் அவருடைய இரண்டு முறங்களும் ஆகாயத்தைப் புடைத்துக்கொண்டிருந்தன.

காட்டுக்குள் நுழைந்தோம். எல்லாம் குட்டையான பர்ச் மரங்கள். காஷ்மீரத்தில் ஏடெழுதப் பயன்பட்ட பூர்ஜ பத்திரம் இந்த மர வகையின் பட்டைதான். பூர்ஜம் என்பதும் பர்ச் என்பதும் ஒரே மூலத்திலிருந்து பிறந்த சொற்கள் என்று பாஷை வல்லுநர்கள் சொல்லுகிறார்கள். அந்தக் காட்டில் நிலவிய நிசப்தத்தை எப்படிச் சொல்லுவது? பறவை இல்லை, பூச்சி இல்லை, இலை அசையவில்லை. பாதரட்சை பனியை நொறுக்கும் சப்தம் ஒன்றுதான். நின்றால் அதுவும் இல்லை. நம் இருதயம் அடிப்பது நமக்கே கேட்டது.

முதலில் செல்பவருக்குத்தான் சிரமம் முழுவதும். மிதிபடாத பனியை அவர் மிதித்துப் பாதை போடவேண்டும். பின்னால் வருகிறவர்கள் அந்தத் தடத்திலேயே நடந்துவிடலாம். ஆகையால் பத்து நிமிஷத்துக்கு ஒருவராக முறை மாறினோம். முன்னே சென்றவர் ஒதுங்கி நிற்பார். எல்லாரும் கடந்த பின் கடைசியில் சேர்ந்துகொள்வார். பலசாலி, பலவீனன் என்ற பேதம் இல்லை. குழுவில் எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய வேகமே குழுவின் வேகம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார்.

வழியில் முயல் ஒன்று ஓடிய தடம் கிடைத்தது. மலை முயலின் பின்னங்கால் அகலமானது, ரோமம் அடர்ந்தது. அதன் அருகே ஒரு பறவையின் தடம். அது டார்மிகன் என்னும் பனிக் கௌதாரி. குளிர்காலத்தில் அதன் விரல்களைச் சுற்றி இறகு முளைத்துக் கால் அகன்றுவிடுகிறது. இராத்திரியில் அந்தப் பறவை பனிக்குள் வளை குடைந்து படுத்துக்கொள்கிறதாம். வெண்பனியில் பெரும் பங்கு காற்றுத்தான். ஆகவே அது பஞ்சு மெத்தை போலச் சூட்டைக் காக்கிறது. மேலே 30 டிகிரிக் குளிர் அடித்தாலும், அடியில் தரையை ஒட்டிப் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். பனி கொல்லுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்த நமக்கு, பனிதான் இங்கே போர்வை என்று சொல்லிக்கொடுத்தது அந்தக் கௌதாரி.

இந்த இடத்தில்தான் நண்பர் ஒரு யோசனை சொன்னார். இடதுபுறம் மலைச்சரிவு ஒன்று மரமில்லாமல் வழவழவென்று இருந்தது. அதன்மேல் ஏறிவிட்டால் ஏரி முழுவதும் தெரியும். அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம். "இத்தனை தூரம் வந்துவிட்டு ஏறாமல் போவதா?" என்றார். நமக்கும் ஆசைதான். அவரும் நாமுமாகச் சரிவின் அடிவாரத்தை நோக்கிப் பத்தடி நடந்தோம்.

'வூம்' என்று ஒரு சப்தம்.

பெரிய சப்தம் அல்ல. காலுக்கடியில் யாரோ நீண்ட பெருமூச்சு விட்டது போலிருந்தது. நாம் நின்ற பனித்தரை முழுவதும் ஓர் அங்குலம் கீழே இறங்கிற்று. "அசையாதீர்கள்!" என்றார் வழிகாட்டி. அதுவரையில் சிரித்துக்கொண்டே இருந்தவருடைய குரலில் சிரிப்பு இல்லை. அவர் சரிவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. பிறகு, வந்த தடத்திலேயே வட்டமிட்டுத் திரும்பி, ஒருவர் பின் ஒருவராகக் காட்டுக்குள் வரும்படி நம்மை அழைத்தார். அந்தப் பத்தடியும் பத்து மைலாக இருந்தது.

சமதரைக்கு வந்த பின் முதுகிலிருந்த மண்வெட்டியை எடுத்து, தரை தெரியும் வரை பனியில் ஒரு குழி தோண்டினார். குழியின் சுவர் ஏடுகளை அடுக்கி வைத்த சுவடி போலிருந்தது. மேலே புதுப் பனி, மாவு போல. அதன் கீழே காற்று அடித்து இறுக்கிய பலகை போன்ற ஏடு. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, கற்கண்டுப் பொடி போன்ற பரல்கள். கையில் அள்ளினார், ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் கொட்டிப் போய்விட்டன. "எங்கள் பாஷையில் இதற்கு 'ஸெயங்காஷ்' என்று பெயர்" என்றார். பனி மெல்லியதாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும் இடத்தில், தரையின் சூட்டினால் அடிப்பனி உருமாறி இப்படி ஆகிவிடுகிறது. அதன்மேல் இறுகிய ஏடு சமதரையில் இருந்தால் பெருமூச்சோடு போயிற்று. முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் இருந்தால் ஏடு முழுவதும் பிடுங்கிக்கொண்டு கீழே வரும். அதுதான் பனிச்சரிவு. அதில் புதைந்தவர்களைச் சில நிமிஷங்களுக்குள் தோண்டியெடுக்காவிட்டால் உயிர் தங்குவது அரிது. நண்பர் அந்தச் சரிவை மறுபடியும் பார்த்தார். அது முன்போலவே வழவழவென்று அழகாகத்தான் இருந்தது.

"அப்படியானால் இந்தப் பரல் பனி பொல்லாதது என்று சொல்லுங்கள்" என்றோம் நாம். வழிகாட்டி தலையை அசைத்தார். "மலையில் பொல்லாதது. ஆனால் மானுக்கு இதைப் போல நல்லது வேறில்லை" என்றார். துருவமான் குளிர்காலத்தில் தின்பது தரையில் வளரும் லைக்கன். நம் வீட்டுக் கறிமசாலாவில் போடும் கல்பாசிக்கு ஒருவிதத்தில் உறவு. பல அங்குலப் பனிக்கு அடியிலும் அதை மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்னும். பரல் பனி இளகியிருப்பதால் தோண்டுவது சுலபம். பாத்திரத்தில் உருக்கினாலும் இதில்தான் தண்ணீர் நிறையக் கிடைக்கும். பனி என்ற பொதுப் பெயரை வைத்துக்கொண்டு அவர்களால் வாழ முடியாது. எந்தப் பனி, எந்த இடத்தில், எந்த ஏட்டின்கீழ் என்பது தெரிந்தால்தான் மந்தை பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். நமக்கோ மார்கழி மாதத்துப் புல்லின் நுனியில் நிற்பதும் பனி, காலை மூட்டமும் பனி, இங்கே மலையை மூடுவதும் பனி. ஒரே சொல்லில் நம் காரியம் நடந்துவிடுகிறது.

குழியின் சுவரில் இன்னொன்றையும் அவர் விரலால் தொட்டுக் காட்டினார். பரல்களுக்கு நடுவே கண்ணாடி போல மெல்லிய ஒரு பனிக்கட்டித் தகடு. குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் மழை பெய்தது. மறுநாள் அது உறைந்துவிட்டது. அந்த மழையின் கையெழுத்து இது. இங்கே தகடு மெல்லியது. மழை பலமாகப் பெய்து, தரையோடு தரையாக உறைந்தால் அதற்கு 'சுவொஹ்கி' என்று பெயர். அதற்கு அடியில் லைக்கன் இருக்கும். மோப்பமும் கிடைக்காது, குளம்பாலும் உடைக்க முடியாது. தீனியின்மேல் நின்றுகொண்டே மான் பட்டினியால் சாகும். 2013 நவம்பரில் ஸைபீரியாவிலுள்ள யமால் தீபகற்பத்தில் இப்படி மழை பெய்து உறைந்து, சுமார் 61,000 துருவமான்கள் மடிந்தன.

முன்பும் இப்படி எப்பொழுதாவது நடந்ததுண்டு. இப்பொழுது குளிர்கால மழை புதுமை அல்ல என்கிறார்கள். 1979 முதல் பார்த்தால், ஆர்க்டிக் பிரதேசம் உலகத்தின் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வருகிறது என்று விஞ்ஞானிகள் 2022-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அபிஸ்கோவிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1913 முதல் நாள் தவறாமல் உஷ்ணநிலையைக் குறித்து வருகிறது. அந்தக் குறிப்புகளும் அதையே சொல்லுகின்றன. உலகத்தின் வேறு மூலைகளில் எரிக்கும் கரிக்கும் எண்ணெய்க்கும் இங்கே ஒரு மானின் வயிறு கணக்குத் தீர்க்கிறது.

நண்பர் கேட்டார்: "உங்கள் மந்தை இப்பொழுது எங்கே?" குளிர்காலத்தில் மந்தைகளைக் கிழக்கேயுள்ள ஊசியிலைக் காடுகளுக்கு ஓட்டிப் போய்விடுவது வழக்கமாம். "அங்கேதான் இருக்கிறது. இந்த வருஷம் அங்கே சுவொஹ்கி. என் தம்பி தினமும் வண்டியில் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறான். தீவனத்துக்குக் காசு வேண்டுமல்லவா? அதற்காகத்தான் நான் உங்களை அழைத்துக்கொண்டு நடக்கிறேன்" என்றார். குறையாக அவர் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். நாம் கொடுத்த கட்டணம், எங்கோ ஒரு காட்டில் மூட்டையாகப் போய் இறங்குகிறது என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம்.

திரும்பும்போது வெளிச்சம் சிவந்து, பிறகு நீலமாயிற்று. தடம் முன்பே போட்டது. நடப்பது சுலபமாக இருந்தது. விடுதி வாசலில் பாதரட்சைகளைக் கழற்றியதும் நண்பர் தம் கனம் முழுவதையும் மறந்து, மிதிபடாத பனியில் ஓரடி எடுத்து வைத்தார். முழங்காலுக்கு மேலே புதைந்து போனார். அவரைத் தூக்கிவிட்டதும், சிரிக்கப் போகிறாரென்று எதிர்பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. கால் போன பள்ளத்தில் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் அது கற்கண்டுப் பொடி போலக் கொட்டிற்று.

"ஸெயங்காஷ்" என்றார் நண்பர்.

வழிகாட்டி அன்று முதல் தடவையாக, "சரி" என்று சொன்னார்.